இடது காலில் ஒன்றரை இஞ்ச்

ஆகஸ்ட் 19

தங்கச்சி,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. அளவுப் புத்தகத்தில் எண்களை எழுதி எழுதியே என் எழுத்து கோழி கிளறியது மாதிரி ஆகிவிட்டது. பொறுத்துப் படி.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ பேசி ஒரு மாதமாகிறது. உன் மகளிடம் போனைக் கொடுத்து நம்பரைப் போடச் சொன்னால், "அம்மா எடுக்கல மாமா" என்று திருப்பித் தருகிறாள். உனக்குக் கோபம், புரிகிறது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கடைக்கும் பின்னால் இருக்கும் இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அன்றைக்கு வகுப்புப் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ போனில் கத்தினாயே, "என்ன உடம்பு அது? இப்படியே ஊதிக்கிட்டுப் போனா அவளைக் கூட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி நான் எப்படி நடப்பேன்?" என்று, அது முழுக்க அவள் காதில் விழுந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மடித்து முடித்துவிட்டு வந்து, "மாமா, இதுல ஒரு பட்டன் குறையுது" என்றாள். அவ்வளவுதான். அதனால் இனிமேல் அவளைப் பற்றிப் பேச வேண்டியது எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும்.

நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. பதின்மூன்று வயது, வளர்கிற பிள்ளை. இடுப்பு முப்பதுதான். முப்பத்தைந்து வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறவன் சொல்கிறேன், நம்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான். நான் தொழிலுக்கு வந்தபோது ஏழாம் வகுப்புக்கென்று வெட்டி வைத்த அட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது. இப்போது அதை வைத்துத் துணி வெட்டினால் நான்காம் வகுப்புக்குத்தான் சரியாக வரும். இந்த வருடம் ஏழாம் வகுப்பில் எண்பத்திரண்டு பேருக்கு டேப் பிடித்தேன். முப்பது பேருக்கு மேல் எந்த அட்டையிலும் அடங்கவில்லை, தனியாகத்தான் வெட்டினேன். ஒரு வகுப்பில் மூன்றில் ஒரு பிள்ளை அப்படி இருந்தால், அதை வியாதி என்று எப்படிச் சொல்வாய்? அது வளர்த்தி.

முதலாளி நன்றாக இருக்கிறாள். ஆமாம், உன் மகளை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பள்ளி விட்டு வந்ததும் வெட்டும் மேசையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னை வேலை வாங்குகிறாள். கணக்குப் பாடத்தில் வகுப்பில் இரண்டாவது. உன் வாயும் அப்படியே வந்திருக்கிறது.

கோபம் போதும். எழுது.

அண்ணன்

ஆகஸ்ட் 27

அண்ணாவுக்கு,

நான் போன் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோரு தடவை செய்தேன். ஒரு மணி அடிக்கிறது, உடனே கட் ஆகிறது. வேண்டுமென்றே கட் பண்ணிவிட்டு, பழியை என் தலையில் போடாதீர்கள். பேசப் பிடிக்கவில்லை என்றால் அதை நேராகச் சொல்லுங்கள்.

அவள் காதில் விழும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது. வந்துவிட்டது. என்ன செய்ய? நான்கு நாளாக அதையே நினைத்துக்கொண்டு துணி மடிக்கிறேன். அவளிடம் ஏதாவது சொன்னீர்களா? அம்மா சும்மா கோபத்தில் சொன்னாள் என்றாவது?

உங்கள் அட்டைக் கதையைப் படித்தேன். எனக்கு ஆறுதலாக இல்லை. நானும் துணிக்கு நடுவில்தான் இருக்கிறேன், மறந்துவிட்டீர்களா? இந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. குழந்தைகள் வார்டுக்குப் போகிற அங்கிகளை நான்தான் அடுக்குகிறேன். வந்த புதிதில் பத்துக்கு ஒன்றுதான் பெரியவர் அளவு போகும். இப்போது பாதிக்குப் பாதி போகிறது. போன மாதம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கென்று சீட்டு வந்தது, நான் எடுத்துக் கொடுத்தது ஆண்கள் வார்டின் பெரிய அங்கி. அந்தப் பிள்ளைகள் எல்லாம் இங்கே எதற்கு வந்திருக்கிறார்கள், அண்ணா? வளர்த்திக்கா? சர்க்கரை, ஈரல், தூக்கத்தில் மூச்சு முட்டுவது. நான் சலவைக்காரி, எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் சீட்டைப் படிக்கத் தெரியும்.

ஊரில் மூன்றில் ஒரு வீடு எரிந்தால், நம் வீடு எரிவது சகஜம் என்று உட்கார்ந்திருப்பீர்களா?

அவளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டால் உங்களுக்கு ரோஷம் வரும். வரட்டும். பக்கத்துப் பேக்கரியை அவள் பெயருக்கே எழுதி வைத்துவிட்டீர்களா? அவளை விட்டுவிட்டு வந்த முதல் மாதம், சாப்பிட்டால்தான் அழுகையை நிறுத்துகிறாள் என்று நீங்களே சொன்னீர்கள். அப்போது எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்று வருடமா?

அவளை எடை பார்க்கக் கூட்டிப் போங்கள். மருந்துக்கடை வாசலில் மெஷின் இருக்கும். எனக்கு அந்த எண் வேண்டும். முதலாளி, வாய், கணக்கில் இரண்டாவது, இதெல்லாம் அப்புறம்.

தங்கை

செப்டம்பர் 4

தங்கச்சி,

நான் ஒரு தடவைகூடக் கட் பண்ணவில்லை. பண்ணினேன் என்று நீ சொன்னால் சொல்லிக்கொள். போனில் பச்சைப் பொத்தான் எது சிவப்புப் பொத்தான் எது என்றே கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது, போனை அவள்தான் பார்க்கிறாள்.

மருந்துக்கடைக்குக் கூட்டிப் போனேன். போனோம், வந்தோம். மெஷின் வாசலிலேயே இருக்கிறது, வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று பார்க்கிறான். அவள் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். கையைப் பிடித்து ஏற்றியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை. "வேற ஒருநாள் பார்த்துக்கலாம் மாமா" என்றாள். சரி என்றேன். பேக்கரிக்குப் போகவில்லை, நேராக வீட்டுக்குத்தான் வந்தோம். இதையும் எழுதச் சொல்லி நீ கேட்பாய், அதனால் எழுதுகிறேன்.

நீ வீடு எரிகிறது என்று எழுதியதைப் படித்துவிட்டு அன்று மதியம் இரண்டு சட்டைக்குக் காலரை மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது.

அவளுக்கு வேறு எந்தக் குறையும் இல்லை. கொஞ்ச நாளாக இடது முட்டி வலிக்கிறது என்கிறாள். மேசையில் காலைத் தொங்கப்போட்டே உட்காருகிறாள் இல்லையா, அதனால் இருக்கும். தைலம் தேய்த்துவிடுகிறேன். விளையாட்டு டீச்சரிடம் கேட்டதற்கு, "கனமான பிள்ளைங்களுக்கு முட்டி வலி சகஜம்தாங்க, என் பீரியட்லயே பத்துப் பதினைந்து பேர் வலிக்குதுன்னு ஓரமா உட்கார்ந்துக்குதுங்க" என்றார். ஓட வேண்டாம் என்று அவளுக்கும் விதிவிலக்குக் கொடுத்துவிட்டார். ஆக, அந்தக் கவலையும் விட்டது.

நடை மட்டும் கொஞ்சம் ஜமீன்தார் நடையாகிவிட்டது. இடது காலை வெளிப்பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைக்கிறாள். பேன்ட்டின் இடது கால் தரையில் இழுபட்டு ஓரம் நைந்துபோனது. ஜூலையில் அரை இஞ்ச் ஏற்றி மடித்தேன். போன மாதம் இன்னொரு அரை. நேற்று மறுபடி அரை. மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மடித்தும் தையல் வெளியே தெரியவில்லை. "மாமா, இப்போ ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கு" என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டாள். இந்த மாதிரி வேலைக்கு உன் அண்ணனை அடிக்க ஆள் இல்லை.

நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதவே இல்லையே. கொதிதண்ணீரில் சுட்டுக்கொண்ட கை ஆறிவிட்டதா?

அண்ணன்

செப்டம்பர் 10

அண்ணா,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கடையைப் பூட்டு. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. நடத்திக் கூட்டிப் போகாதே. வண்டி பிடி.

உன் கடிதத்தை இங்கே அங்கி வாங்க வருகிற நர்ஸிடம் சொன்னேன். சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னேன், உன் தையல் பெருமையைச் சொல்லிச் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. வயது என்ன, எத்தனை நாளாக நொண்டுகிறாள், பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறதா என்று கேட்டாள். திரும்புகிறது என்றேன். கையிலிருந்த அங்கிகளைக் கீழே வைத்துவிட்டாள். "முட்டியில வலின்னு சொல்லும், ஆனா கோளாறு முட்டியில இருக்காது, இடுப்புல இருக்கும். கனமான பிள்ளைங்களுக்கு இந்த வயசுல வர்றதுதான். இன்னைக்கே எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

உடனே உனக்குப் போன் செய்தேன். கட். மறுபடி செய்தேன். கட். பள்ளிக்கூட நம்பர் என்னிடம் இல்லை. பேக்கரி நம்பர் இல்லை. என் மகளைப் பற்றிச் சொல்ல இந்த உலகத்தில் உன்னைத் தவிர எனக்கு வேறு வழியே இல்லாமல் செய்து வைத்திருக்கிறேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேன்ட்டில் ஒரு கால் நீளமாகத் தெரிந்தால், அவளுடைய கால் குட்டையாகிவிட்டது என்று உனக்குத் தோன்றவே இல்லையா? மூன்று தடவை முழங்காலிட்டு உட்கார்ந்து மடித்தாயே, ஒரு தடவையாவது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டாயா?

விரைவுத் தபாலில் போடுகிறேன். நான்கு நாளில் வரும் என்கிறார்கள். நான்கு நாள் நான் என்ன செய்வேன்?

கூட்டிப் போ.

செப்டம்பர் 16

தங்கச்சி,

உன் கடிதம் இன்று காலைதான் கடைக்கு வந்திருக்கிறது. பேக்கரிக்காரர் வார்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் இரண்டு நாள் பிந்திவிட்டது.

திங்கட்கிழமை பள்ளி மாடிப்படியில் விழுந்தாள். யாரும் தள்ளவில்லை, ஓடவில்லை, இரண்டே இரண்டு படி. இடது காலை ஊன்றினாளாம், உள்ளே எதுவோ விட்டுப்போயிற்றாம். அவள் போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். அவளைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முதலில் சொன்னது வலியைப் பற்றி இல்லை. "மாமா, எல்லாரும் பார்த்தாங்க, நாலு பேர் தூக்குனாங்க" என்றாள்.

டாக்டர் உன்னோடு பேசியிருப்பார். வார்டு போனிலிருந்து கூப்பிட்டபோது முதல் மணியிலேயே நீ எடுத்தாய் என்று நர்ஸ் சொன்னார். ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, என்னிடம் பேச வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாயாம். சரிதான்.

எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன், எழுதினால்தான் என்னாலேயே நம்ப முடிகிறது. தொடை எலும்பின் உச்சியில் இருக்கிற உருண்டை கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே வந்திருக்கிறது. கனம் தாங்காமல், தோள் தையலில் நூல் விட்டுச் சட்டைக் கை இறங்குகிற மாதிரி. விழுந்த அன்று ஒரேயடியாக விலகிவிட்டது. முன்னாலேயே வந்திருந்தால் ஒரு திருகாணி, சில வாரம் ஊன்றுகோல், அவ்வளவோடு போயிருக்குமாம்.

எத்தனை நாளாக நொண்டுகிறாள் என்று டாக்டர் கேட்டார். பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது, குத்துமதிப்பாகச் சொல்வார்கள் என்று சொல்லிக்கொண்டே கேட்டார். நான் தேதி வாரியாகச் சொன்னேன். ஜூலை ஐந்து அரை இஞ்ச், ஆகஸ்ட் எட்டு அரை இஞ்ச், செப்டம்பர் மூன்று அரை இஞ்ச். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அளந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று ஆபரேஷன் முடிந்தது. இரண்டு மணி நேரம் என்றார்கள், நான்கு மணி நேரம் ஆயிற்று. அந்த உருண்டைக்குப் போகிற ரத்தம் நின்றுவிட்டதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாதாம், மாதக்கணக்காகும். நின்றிருந்தால் அந்த எலும்பு செத்துப்போகும். வலது இடுப்பிலும் நழுவல் ஆரம்பித்திருக்கிறது என்று அங்கேயும் ஒரு திருகாணி போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் இடது காலைத் தரையில் வைக்கவே கூடாது. ஒரு தடவை ஊன்றினாலும் எல்லாம் வீண் என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார்கள்.

என்னை "நீ" என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து என்னை நீ அப்படிக் கூப்பிட்டதில்லை. பரவாயில்லை, எழுது.

அண்ணன்

செப்டம்பர் 22

அண்ணா,

எண்பத்தாறு கிலோ.

டாக்டர் போனில் சொன்ன எண் இது. மயக்க மருந்து கொடுக்க எடை வேண்டும் இல்லையா, கட்டிலோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை எண்பத்தாறு கிலோ. நான் கேட்ட எண் கடைசியில் இப்படித்தான் எனக்கு வந்தது.

இடுப்பு முப்பது என்று எழுதினாயே. போன வருடமும் முப்பது என்றாய். எண்பத்தாறு கிலோப் பிள்ளைக்கு முப்பது இஞ்ச் இடுப்பு எங்கேயாவது உண்டா? எனக்குத் தையல் தெரியாதுதான். நாள் முழுக்க அங்கியில் கை வைக்கிறவளுக்கு அளவு தெரியாதா? முப்பத்தைந்து வருடமாகத் தைக்கிறவன், நம்பு என்றாய். நம்பினேன். உன்னை நம்பித்தான் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன். அவள் அப்பன் ஓடிப்போன அன்றைக்குக்கூட நான் இப்படி நடுத்தெருவில் நிற்கவில்லை.

பொய் ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். சுற்றி வளைக்காமல் எழுது. ஜமீன்தார் கதை, காலர் கதை எதுவும் வேண்டாம்.

இங்கே மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டேன். இந்த மாதம் ஆள் இல்லை, போனால் அப்படியே போய்விடு என்கிறார். போகத்தான் போகிறேன். ஆனால் ஒப்பந்தத்தை முறிக்க மேலே கையெழுத்து வாங்க வேண்டும், அதற்கு அலைகிறேன். கொதிகலன் பக்கம் நின்றுகொண்டு அழுகிறேன், அங்கே நின்றால் வியர்வை என்று நினைத்துக்கொள்வார்கள்.

வார்டு போனில் தினமும் அவளைக் கேட்கிறேன். தூங்குகிறாள் என்கிறார்கள். காலையிலும் தூங்குகிறாள், மாலையிலும் தூங்குகிறாள். ஒரு பிள்ளை இவ்வளவு தூங்குமா? அவளுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லையா? உண்மையைச் சொல்.

செப்டம்பர் 28

தங்கச்சி,

சுற்றி வளைக்காமல் எழுதச் சொன்னாய்.

அவள் இடுப்பு முப்பத்தெட்டு. போன வருடம் முப்பத்தாறு. முப்பது என்பது இடுப்புப் பட்டியின் உள்பக்கம் நான் வைத்துத் தைத்த துண்டுச் சீட்டில் இருக்கிற எண்.

இது அவளுக்காக ஆரம்பித்ததில்லை. ஏழெட்டு வருடத்துக்கு முன் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போட்டுப் பார்க்க வந்தாள். கூட வந்த பிள்ளைகள் அவள் பேன்ட்டைத் திருப்பிச் சீட்டில் இருந்த எண்ணைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் போனவள் வெளியே வரவே இல்லை, அவள் அம்மா வந்து கூட்டிப் போனாள். அன்றிலிருந்து பெரிய அளவாக இருந்தால் சீட்டில் நான்கு குறைத்துப் போட்டேன். பிறகு ஆறு. இப்போது எட்டு. எனக்கு மட்டும் தெரிந்த உண்மை அளவு புத்தகத்தில் இருக்கும், துணி அதன்படி வெட்டுவேன். பிள்ளைக்குச் சீட்டில் இருப்பது போதும். எத்தனையோ அம்மாக்கள் வந்து, "உங்ககிட்ட தைச்சா மட்டும் அளவு ஏறவே இல்லைங்க" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு துணியை மடித்துக் கொடுத்திருக்கிறேன். நேற்று வார்டிலிருந்து கடைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து எண்ணினேன். இந்த வருடம் மட்டும் நூற்று முப்பத்தேழு பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டிருக்கிறேன். நூற்று முப்பத்தேழு வீட்டில் முப்பது முப்பது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் முட்டி வலி என்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. நாளைக்குப் புத்தகத்தைத் தலைமை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். ஊர் என்னைக் காறித் துப்பும். துப்பட்டும்.

உன்னிடம் முப்பது என்று சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னேன். நீ திட்டுவாய் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், நீ அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று. கல்யாணம் கட்டாத எனக்கு இந்த மூன்று வருடம்தான் வீடு வீடாக இருந்தது. அவள் கேட்டதை எல்லாம் கொடுத்தேன். மறுக்கத் தெரியவில்லை, தங்கச்சி. மறுத்தால் என்னைப் பிடிக்காமல் போய்விடும் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பயந்தேன்.

இனி அவளைப் பற்றி. போன் கட் ஆகிறது என்று நீ எழுதியது உண்மைதான். உன் நம்பரை அவள்தான் தடுத்து வைத்திருக்கிறாள். நீ கத்திய அன்றைக்கே செய்திருக்கிறாள். நான் உன் நம்பரைப் போடச் சொன்னபோதெல்லாம் போட்டதுபோல் காட்டிவிட்டு, நீ எடுக்கவில்லை என்றிருக்கிறாள். நேற்று நர்ஸ் போனைப் பார்த்துச் சொன்ன பிறகு கேட்டேன். "அம்மா போன் பண்ணா நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்திச் சண்டை போடுறீங்க. பண்ணலைன்னா போடமாட்டீங்கல்ல" என்றாள். அவள் தூங்கவில்லை. நீ கூப்பிடும் நேரம் தெரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஆறு நாளாகிறது. தட்டு வந்தால் சாப்பிட்டதுபோல் கிளறிவிட்டுத் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாள். வார்டைக் கூட்டுகிற அம்மா கண்டுபிடித்துச் சொன்னார். ஆறுகிற உடம்புக்குச் சாப்பாடு வேண்டும், இப்படிக் கிடந்தால் போட்ட தையல்கூடப் பிடிக்காது, எடையைப் பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் அவளிடமே உட்கார்ந்து பேசினார். தலையை ஆட்டினாள். மறுபடி தலையணைக்கு அடியில்.

நீ வரப்போகிறாய் என்று நேற்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள், விரல் எல்லாம் ஜில்லென்று இருந்தது. "வேண்டாம் மாமா. இப்போ வரவேண்டாம்னு எழுதுங்க. நான் மெலிஞ்சதுக்கு அப்புறம் வரச் சொல்லுங்க. எத்தனை நாள் சாப்பிடாம இருந்தா மெலிவாங்க?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதை எழுதிவிட்டேன்.

அண்ணன்

அக்டோபர் 4

அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சலவைப் பிரிவின் பின்வாசலில் உட்கார்ந்து படித்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. பிறகு வருமோ என்னவோ. ஆனால் பழி முழுவதையும் உங்கள் மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நீங்கள் ஒன்றரை இஞ்ச் மடித்தீர்கள். நான் மூன்று வருடமாக ஒரு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டோவில் முகம் மட்டும் அனுப்பினாள். ஏன் முகம் மட்டும் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன முப்பதை நம்பியா கேட்கவில்லை? நம்ப வசதியாக இருந்தது, அதனால் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அம்மா இப்போது வரவேண்டாம் என்று அவள் சொன்ன இடத்தைப் படித்ததும், முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஒரு நொடிதான். அந்தக் கட்டிலைப் பார்க்க வேண்டாம், அவளைப் பார்க்கும்போது என் முகம் எப்படிப் போகுமோ என்று பயப்பட வேண்டாம் என்று. பெற்றவளுக்கு அப்படித் தோன்றிவிட்டது, அண்ணா. அவள் என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து நேராக மேற்பார்வையாளர் அறைக்குப் போய் என் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். கையெழுத்துக்கு இனிக் காத்திருக்கப் போவதில்லை. என்ன செய்கிறார்களோ செய்துகொள்ளட்டும்.

புத்தகத்தைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்காமல் இருந்தால் கொடுத்துவிடுங்கள். கடை போனால் போகட்டும். நொண்டுகிற பிள்ளை வேறு ஒன்று இருந்தால், அதை இப்போதே படம் எடுக்கட்டும்.

அவளைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், மிரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிடுங்கள். நீங்களும் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை இரவு வண்டி ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை காலை வார்டில் இருப்பேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும் என்று நினைக்கிறேன். வந்தால் இதை மட்டும் செய்யுங்கள். நான் வருகிற நாளை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எழுந்து எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளப் பார்ப்பாள். காலைத் தரையில் ஊன்றிவிடுவாள்.

தங்கை